பண்டை வைத்தியர் நோயறிந்த வரலாறு



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் கடைசி வீட்டிலே ஒரு பாட்டி இருந்தார். கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். "அது குஷ்டம்டா, கிட்டப் போகாதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். கோயில் திருவிழாப் பந்தியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு சொல்லின் கதையைத் தேடிப் போனபோதுதான் ஆயுர்வேத நூல்களின் பக்கம் என் கவனம் திரும்பியது.

பாரத நாட்டு ஆயுர்வேத நூல்களில் தலையாயவை சரகர் பெயரிலும் சுசுருதர் பெயரிலும் வழங்கும் இரண்டு சம்ஹிதைகள். சரக சம்ஹிதையில் 120 அத்தியாயங்கள் உண்டு. அதில் குறைந்து போயிருந்த பகுதிகளைப் பிற்காலத்தில் திருடபலர் என்பவர் நிறைவு செய்தார். எக்ஸ்ரே இல்லை, இரத்தச் சோதனை இல்லை. அந்தக் காலத்தில் நோயை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? சுசுருதர் ஆறு வழி சொல்கிறார். ஐம்புலன்கள் ஐந்து, நோயாளியைக் கேட்டறிவது ஆறாவது. சரகரோ, வைத்தியன் நாக்கால் சுவைத்துப் பார்க்க வேண்டாம், ஊகித்துக் கொள்ளட்டும் என்கிறார். உடம்பில் ஈ வந்து மொய்த்தால் உடல் இனித்திருக்கிறது, பேன் விட்டு ஓடினால் சுவை கெட்டிருக்கிறது என்று பொருளாம். எவ்வளவு கூர்மையான கண் பாருங்கள்!

வயிற்று நோய்க்கு வருவோம். வயிற்றுக்குள் ஒரு தீ இருக்கிறது, அதற்கு அக்கினி என்று பெயர் என்றார்கள். சமமாக எரிவது, ஒழுங்கில்லாமல் எரிவது, மிஞ்சி எரிவது, மந்தமாக எரிவது என அது நான்கு வகை. நாமும் "வயிறு மந்தமா இருக்கு" என்று சொல்கிறோமே, அந்த மந்தம்தான். தீ மந்தமானால் உண்ட உணவு அரைகுறையாக நின்றுவிடும், அதுவே ஆமம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்தார்கள். மலத்தைத் தண்ணீரில் போடு. மூழ்கினால் ஆமம் இருக்கிறது, மிதந்தால் செரித்திருக்கிறது. மாணவர்களே, சிரிக்காதீர்கள்! இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து "கொண்டு வா" என்கிறார்களே, அது எதற்காம்? மிதப்பது நல்லது என்ற கணக்கை மட்டும் இன்றைய டாக்டர்கள் ஏற்பதில்லை. கொழுப்பு செரிக்காமல் போனாலும் மலம் மிதக்கும் என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

நோயின் காரணம், முன்குறி, வெளிப்பட்ட குறி, எந்த மருந்துக்கும் உணவுக்கும் நோய் தணிகிறது என்று கொடுத்துப் பார்ப்பது, நோய் உள்ளே வளர்ந்த வகை ஆகிய ஐந்தையும் சேர்த்துத்தான் முடிவு சொன்னார்கள். இதையே முழுநேர வேலையாக எடுத்துக் கொண்டவர் மாதவகரர். ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டில் அவர் தொகுத்த மாதவ நிதானம் நோயறிதலை மட்டுமே பேசும் நூல். நெஞ்செரிச்சல், புளியேப்பம் இவற்றை அமிலபித்தம் என்று தனி நோயாக அதில் காணலாம். அதற்கு முந்திய இரண்டு அத்தியாயங்கள் குஷ்டமும், உடம்பு தடித்து அரிக்கும் சீதபித்தமும். வயிற்றையும் தோலையும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போல வைத்திருக்கிறார். இந்நூலின் புகழ் அரபு நாடு வரை போயிற்று. 850இல் அலி இப்னு ரப்பான் அல்தபரி எழுதிய அரபு மருத்துவ நூலில் இந்திய வைத்தியத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு.

நாடி பார்ப்பது மிகப் பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சரகரிடமும் சுசுருதரிடமும் நாடிச் சோதனை இல்லை. 1300ஐ ஒட்டிய சார்ங்கதர சம்ஹிதையில்தான் விளக்கமாக வருகிறது. வாத நாடி பாம்பு போலவும், பித்த நாடி தவளை போலவும், கப நாடி அன்னம் போலவும் நடக்குமாம். நம் சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்விலும் நாடி, நா, விழி, மலம் எல்லாம் உண்டு.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சரகர் சொன்ன குஷ்டம் ஒரு நோயல்ல, 18 நோய்கள்! படர்தாமரை போன்றது, சிரங்கு போன்றது, கரப்பான் போன்றது எல்லாமே அந்தப் பெயருக்குள் அடக்கம். தோல் மரத்துப் போவதை ஒரு முக்கியக் குறியாக எழுதி வைத்தார்கள். வெண்புள்ளியையும் குஷ்டத்தோடு சேர்த்துத்தான் பேசினார்கள். ஆனால் அது தோலோடு நிற்பது, நீர் வடியாதது என்று சுசுருதர் வேறுபாடு காட்டினார். குஷ்டம் தொற்றும் என்று சொன்னவரும் அவரே. மீனையும் பாலையும் சேர்த்துத் தின்பது போன்ற மாறுபட்ட உணவே காரணம் என்ற பழைய விளக்கம் தொழுநோய்க்குப் பொருந்தவில்லை. அதன் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்தார். 18 நோய்க்கும் பொதுவாயிருந்த பெயர், பிற்காலப் பேச்சில் தொழுநோய் ஒன்றுக்கே ஒட்டிக்கொண்டது. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே தோட்டத்து ஜனங்களுக்கு நடுக்கம். இன்று அது மாத்திரையால் முழுதும் குணமாகும் நோய்.

ஒரு நாள் தோட்டத்து டிரஸ்ஸர் பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கண்ணை மூடச் சொல்லி, வெள்ளைத் திட்டுகளில் ஊசி முனையால் மெல்லத் தொட்டார். "தெரியுதா ஆயா?" "தெரியுதுய்யா, குத்துது." ஒவ்வொரு இடத்துக்கும் அதே பதில். "இது அந்த வியாதி இல்ல, யாருக்கும் ஒட்டாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மரத்துப் போகும் குறியைத்தான் அவரும் தேடினார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை என் அம்மா என்னைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார். பாட்டி வரக்காப்பி போட்டு நீட்டினார். டம்ளரை வாங்கும்போது என் கைதான் நடுங்கியது.