தலைக்கணக்கும் குடும்பக்கணக்கும்: திருவனந்தபுரத்தில் ஏற்றத்தாழ்வை அளந்த வரலாறு

முன்னுரை

தம்பானூரில் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. 1931-இல் இருப்புப்பாதை இங்கு வந்தது முதல், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வருவோர் பலர்க்கு இதுவே நகரின் நுழைவாயில். அந்தி சாய்ந்ததும் அவர்களுள் சிலர் இல்லம் திரும்புவர். சிலர் விடுதி அறைகளை நாடுவர். சிலர் கடைத்திண்ணையிலேயே உறங்குவர். இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவது. எண்ணில் புலப்படுமா என்பது வேறு வினா. ஏற்றத்தாழ்வை அளக்கப் புகுவோர், எதனை, யாரிடையே அளப்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு இந்நகரில் காலந்தோறும் மாறி வந்ததை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தலைக்கணக்கும் விண்ணப்பமும்

அரசு முறையாகக் கணக்கெடுக்கும் முன்னரே, தென்திருவிதாங்கூரில் தோன்றிய அகிலத்திரட்டு அம்மானை, ஒடுக்கப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட வரிகளையும் ஊழியத்தையும் எடுத்துரைத்தது. 1875-இல் நடைபெற்ற முதல் முறையான கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை 23,11,379 எனப் பதிவாயிற்று. நாகம் அய்யா அப்பணியை மேற்கொண்டார். மக்கள் சாதிவாரியாகவும் வகைப்படுத்தப்பட்டனர்.

ஆட்சித் தேவைக்காகத் திரட்டப்பட்ட இத்தகைய எண்கள் விரைவில் உரிமைக் குரலுக்குத் துணையாயின. 1891-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மன்னருக்கு அளித்த மலையாளி விண்ணப்பம், உயர்பதவிகளில் தமிழ்ப் பிராமணர் உள்ளிட்ட வெளிநாட்டார் பெற்றிருந்த மேலாண்மையை எதிர்த்தது. 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவர் விண்ணப்பம் எழுந்தது. அதனை முன்னின்று நடத்திய மருத்துவர் பல்பு, சென்னையில் மருத்துவம் பயின்றும் திருவிதாங்கூரில் பணி மறுக்கப்பட்டு மைசூர் அரசுப் பணிக்குச் சென்றவர். பிரித்தானிய மலபாரில் அதே சமூகத்தார் பதவி பெற்றிருப்பதையும் அவ்விண்ணப்பம் சுட்டியது. மக்கள்தொகையில் ஒரு பிரிவின் பங்கையும் பதவிகளில் அதன் பங்கையும் ஒப்பிடும் நெறி 1930-களின் நிவர்த்தன இயக்கத்தில் முழுமை பெற்றது. 1935-இல் அரசுப் பணித் தேர்வுக்கெனத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார்.

இவ்வளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. அது பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் காட்டும். ஒரே பிரிவினுள் நிலவுடைமையாளர்க்கும் கூலியாளர்க்கும் உள்ள இடைவெளியைக் காட்டாது.

நுகர்வுக் கணக்கு

அவ்விடைவெளியைக் காட்ட வல்ல கருவிகள் மேலைநாட்டில் உருவாயின. 1905-இல் லாரன்சு, மக்களை வறியவர் முதல் செல்வர் வரை வரிசைப்படுத்தி, வருவாயில் அவர்தம் பங்கினை வளைகோடாக வரைந்தார். 1912-இல் கினி அதனையொத்த வேறுபாட்டை ஒரே எண்ணாகச் சுருக்கினார். அனைவரும் சமமெனில் அவ்வெண் 0. முழுதும் ஒருவரிடமே குவிந்திருப்பின் 1.

இந்தியாவில் விவசாயியும் கூலியாளரும் வருவாய்க்குக் கணக்கு வைப்பது அரிது. ஆகவே 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு குடும்பச் செலவினையே பெரிதும் அளந்தது. தண்டேகர், ரத் ஆகியோர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, உணவாற்றலை அடிப்படையாகக் கொண்டு கேரளத்தில் வறுமை மிகுதி எனக் காட்டிற்று. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தினர் இதனை மறுபரிசீலனை செய்தனர். நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என வழங்கும் மரவள்ளிக்கிழங்கு, குறைந்த செலவில் ஆற்றல் தருவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஐக்கிய நாடுகள் அவைக்காக அம்மையம் உருவாக்கி 1975-இல் வெளிவந்த அறிக்கை, வருவாய் குறைந்த கேரளம் கல்வியிலும் நலவாழ்விலும் முன்னிற்பதை நிறுவியது. ஓர் அளவுகோலில் பின்தங்கிய நிலம் மற்றோர் அளவுகோலில் முன்னணியில் நின்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

செலவுக்கணக்கு செல்வரின் சேமிப்பைக் காணாது. 2022-23-இல் நாடு தழுவிய நுகர்வுச் செலவின் கினி எண் ஊர்ப்புறத்தில் 0.266, நகர்ப்புறத்தில் 0.314. ஏற்றத்தாழ்வு மிதமானதே எனத் தோன்றும். ஆயின் அதே ஆண்டில் நாட்டு வருவாயில் 22.6 விழுக்காடு மேல்தட்டின் 1 விழுக்காட்டினரிடம் சேர்ந்ததாக, வரிக்கணக்கையும் பயன்படுத்திய உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் மதிப்பிட்டது. இவ்விரண்டும் வெவ்வேறு பொருளை அளந்தவை.

கணக்கின் விளிம்பில் இருப்போர்

செல்வர் மேல்முனையில் நழுவுவது போலவே வறியவர் கீழ்முனையில் நழுவுகின்றனர். குடும்பத்தை அலகாகக் கொள்ளும் மாதிரிக் கணக்கெடுப்பு, நிலையான உறைவிடமின்றி அலைவோரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. தலைகளை எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, 2011 பிப்ரவரி 28 இரவில் வீடற்றோரைத் தேடிச் சென்று எண்ணியது. எனவே தம்பானூர்த் திண்ணையில் உறங்குபவர் ஒரு கணக்கில் ஒரு தலை, மற்றொன்றில் இல்லாதவர். அவரது செலவு சேராத கினி எண், அவர் நின்ற இடைவெளியையும் சேர்க்காது.

முடிவுரை

2025 நவம்பர் 1 அன்று கேரளம் கடும் வறுமையற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. முன்னர்க் கண்டறியப்பட்ட 64,006 குடும்பங்களே அவ்வறிவிப்பின் அடிப்படை. அளவுகோல் குறித்து ஆய்வாளர் சிலர் வினா எழுப்பினர். அங்கும் அலகு குடும்பமே. மேலும், வறுமை ஒழிதல் அடித்தளம் உயர்வதைக் குறிக்கும். இடைவெளி குறைவதைக் குறிக்காது. 1896-இல் 13,176 பேர் தங்களைத் தாங்களே எண்ணிக்கையாக்கி அரசின் முன் வைத்தனர். கையொப்பமிட இயலாதோரையும் முகவரி இல்லாதோரையும் எண்ணில் கொணர்வது இன்றைய ஆய்வாளரின் கடமையாகும்.