டாக்டர் சந்திரசேகரும் கருக்கலைப்புச் சட்டமும்

சந்திரசேகர் என்றதும் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிதான் பலருக்கு நினைவுக்கு வருவார். இவர் வேறு. ஸ்ரீபதி சந்திரசேகர் (1918-2001), மக்கள்தொகை ஆய்வாளர். மெட்ராஸ் மாநிலத்திலிருந்து ராஜ்யசபாவுக்குப் போனவர். 1967ல் இந்திரா காந்தி அரசில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை மந்திரியானார். இந்தியப் பெண்கள் ஜெயிலுக்குப் பயப்படாமல் டாக்டரிடம் போய்க் கருக்கலைப்பு செய்துகொள்ள வழி பிறந்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது? 1860ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312வது பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம். 3 வருடம் வரை சிறை. வயிற்றில் குழந்தை அசைய ஆரம்பித்த பிறகு என்றால் 7 வருடம் வரை. கலைத்தவர் மட்டுமல்ல, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான்!

இதனால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? இல்லை. டாக்டர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஏழைப் பெண்கள் எருக்கங்குச்சியையும் நாட்டு மருந்தையும் நம்பினார்கள். ரத்தப்போக்கிலும் சீழ் பிடித்தும் பலர் செத்துப்போனார்கள்.

1964ல் மகாராஷ்டிர மந்திரி சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி போடப்பட்டது. சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று 1966 டிசம்பரில் அது அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடமே இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. சந்திரசேகர் கமிட்டி அறிக்கையை அலமாரியில் தூங்க விடவில்லை. 1969ல் ராஜ்யசபாவில் மசோதா வந்தது. ஆனால் 1970ல் அவருடைய எம்.பி. பதவிக்காலம் முடிந்துவிட்டது. 1971 ஆகஸ்டில் மசோதா சட்டமானபோது அவர் சபையில் இல்லை. 1972 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

1971 சட்டத்தில் 12 வாரம் வரை ஒரு டாக்டர், 20 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று இருந்தது. அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. 1971ல் இப்படி எழுதியது சின்ன விஷயமில்லை. இன்றும் பல இடங்களில் கணவன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். சட்டம் கேட்கவில்லை.

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க இன்னொரு செய்தி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊர் 1962ல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பத்து வருடம் கழித்து, சாரத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டம் கைகொடுத்தபோது, பாரிஸில் இருந்த பெண்ணுக்கு அது குற்றமாகவே இருந்தது. அங்கே சிமோன் வெய் என்ற பெண் மந்திரி பார்லிமெண்டில் வசவுகளைத் தாங்கிக்கொண்டு போராடி, 1975 ஜனவரியில்தான் சட்டம் வந்தது.

சந்திரசேகரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய பெரிய கவலை மக்கள்தொகை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்ற ஆண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1967ல் யோசனை சொன்னார். அது ஏற்கப்படவில்லை. ஆனால் எமர்ஜென்சியில் கட்டாயம் என்றால் என்ன என்று நாடு பார்த்தது. 1976-77ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள். பெண்ணுக்கு வழிவிட்ட அதே மனிதர், ஆணின் உடம்பில் அரசு கைவைக்கலாம் என்றும் நினைத்தார்.

சட்டத்திலும் அந்தக் குறை தெரிந்தது. கருத்தடை சாதனம் தோற்றுப்போனால் கலைக்கலாம் என்ற சலுகை "மணமான பெண்ணுக்கு" மட்டும்தான். குடும்பத்தின் அளவைக் குறைப்பதுதானே நோக்கம்! இந்த வார்த்தையை மாற்ற 50 வருடம் ஆனது. 2021 திருத்தத்தில் "மணமான" போய், கணவன் என்ற இடத்தில் துணைவர் வந்தது. சில வகைப் பெண்களுக்கு வரம்பு 24 வாரமானது. அதில் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது.

312வது பிரிவு மட்டும் சாகவில்லை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88வது பிரிவாக அது தொடர்கிறது. கருக்கலைப்பு இன்றும் குற்றம்தான், 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்கு. பெண் கேட்டால் மட்டும் போதாது, டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும்.