தூரிகைக் கோடும் லினோலியத் தகடும்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் வால்டன் 1860-களில் உருவாக்கிய லினோலியம், காற்றுப்பட்டு இறுகிய ஆளிவிதை எண்ணெயைத் தக்கைத் தூளோடும் குங்கிலியத்தோடும் பிசைந்து சணல் துணியின்மேல் அழுத்திச் செய்யப்படும் தரைவிரிப்பு. ஸ்காட்லாந்தின் கிர்கால்டி ஆலைகளுக்கு அத்துணி அருகிலிருந்த டண்டீ நகரிலிருந்தும், டண்டீக்குக் கச்சாச் சணல் வங்காளத்திலிருந்தும் சென்றதால், பிற்காலத்தில் வங்காள ஓவியர்கள் அந்த விரிப்பையே அச்சுத்தகடாகக் கையில் எடுத்தபோது, அவர்கள் மண்ணில் விளைந்த நார் வேறோர் உருவில் ஊர் திரும்பியது என்றே கொள்ளலாம்.

லினோ அச்சு புடைப்பச்சு வகையைச் சேர்ந்தது. அதாவது, உளியால் தோண்டிய பள்ளங்களில் மை ஏறாது, தோண்டாமல் விட்ட மேற்பரப்பே உருளையிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எதிர்மறை உவமையால் விளக்கிவிடலாம்: அங்கே மேல்மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரியை அகழ்ந்து எடுக்கிறார்கள்; லினோ தகட்டிலோ அகழ்ந்த இடம் வெண்மையாகிறது, அகழாத இடமே கருமையாக நிற்கிறது. குளிரில் விறைத்துப்போகும் இத்தகட்டை மேலைநாட்டார் சூடேற்றி இளக்கிக்கொள்வார்கள். தென்னார்க்காட்டு வெயிலில் அந்தத் தேவையே எழாது.

தூரிகைச் சித்திரத்தை இத்தகட்டுக்கு மாற்றுவதில் உள்ள உண்மையான சிக்கல் வேகம்தான். தூரிகை ஒரே வீச்சில் இழுத்த கோட்டை லினோவில் கரிய கோடாக நிற்கவைக்க வேண்டுமானால் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே செதுக்கியாக வேண்டும். ஒரு நொடியில் பிறந்த கோடு இரண்டு நிதானமான வெட்டுகளுக்கு இடையே மீந்து நிற்கும்போது, அதன் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நீர் கலந்த மையின் சாம்பல் நிறத்துக்கும் இங்கே இடமில்லை. நெருங்கிய வெண்கீற்றுகளால்தான் அதை ஈடுசெய்ய முடியும். தமிழ் இதழ்களில் மாலி, கோபுலு போன்ற ஓவியர்களின் கோடுகள் ஒளிப்பட முறையிலும் அமிலத்திலும் உருவாகும் துத்தநாக ‘பிளாக்’குகள் வழியே அச்சேறியதால், ஓவியரே உளியெடுத்துத் தம் கோட்டை மறுபடி சிந்திக்க வேண்டிய கட்டாயம் இங்கு எழவில்லை. அந்த வசதி நம் இதழ்களுக்கு அழகிய கோடுகளைத் தந்தது. ஆனால் உளியின் மொழி தமிழ் வாசகருக்கு அதிகம் பழகாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வங்காளத்தில் அம்மொழியைத் தெளிவாகப் பேசியவர் நந்தலால் போஸ். ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவிடம் மைத்தூரிகை முறையைப் பழகி, பின்னர் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்குத் தலைமையேற்ற அவர், 1930-இல் தாகூரின் ‘சஹஜ் பாட்’ என்ற குழந்தைகள் பாடநூலுக்கு லினோ படங்கள் செய்ததோடு, அதே ஆண்டு தண்டி யாத்திரையை ஒட்டி ‘பாபுஜி’ என்ற புகழ்பெற்ற அச்சையும் உருவாக்கினார். கைத்தடியோடு நடக்கும் காந்தியைக் கரிய பரப்பில் வெண்கோடுகளால் தீட்டியிருக்கும் அந்த அச்சில், மேலே சொன்ன சிக்கல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே கோட்டைச் சுற்றி வெட்டவில்லை, உளி சென்ற தடமே கோடாகிறது. தூரிகையின் இடத்தில் உளியை வைத்து, வெள்ளையையும் கறுப்பையும் இடம்மாற்றியதன்மூலம் நந்தலால் கையின் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

மற்றொரு வங்காள ஓவியரான சித்தப்பிரசாத் பட்டாசார்யாவின் (1915–1978) வழி இதனினும் கடினமானது. வங்கப் பஞ்சத்தின்போது, 1943 நவம்பரில், மிட்னாபூர் மாவட்டத்தில் சுற்றி, எலும்பும் தோலுமாக நின்ற மனிதர்களை மையால் வரைந்து அவர் வெளியிட்ட ‘பசித்த வங்காளம்’ என்ற சிறுநூலின் 5,000 பிரதிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது; குடும்பத்தார் காப்பாற்றிவைத்த ஒரு பிரதியிலிருந்துதான் 2011-இல் அது மறுபதிப்புக் கண்டது. பொதுவுடைமை இயக்கப் பணிக்காகப் பம்பாய்க்குச் சென்று அங்கேயே தங்கிவிட்ட அவர், பின்னாளில் அந்தேரியில் வறுமையோடு வாழ்ந்த ஆண்டுகளில், லினோ வெட்டுக்கே பெருமளவில் தம்மைக் கொடுத்தார். அச்சகமோ ஒளிப்படக் கருவியோ இல்லாமல், தாளின் முதுகைக் கரண்டியால் தேய்த்தே பிரதி எடுக்கலாம் என்பதும், தகடு கையில் இருக்கும்வரை படம் அழிவதில்லை என்பதும், நூல் எரிந்ததைக் கண்ட ஓவியருக்குச் சிறிய செய்திகளாக இருந்திருக்க முடியாது.

‘தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1952-இல் அவர் செய்த லினோ வரிசை, உழைப்பிலும் பசியிலும் கழியும் குழந்தைப் பருவத்தைக் காட்டுகிறது. பஞ்சச் சித்திரங்களில் பதற்றத்தோடு ஓடிய தூரிகை இங்கே அடர்ந்த கறுப்பாகத் திரண்டுவிட, எலும்பின் மேட்டையும் துணியின் மடிப்பையும் குறுகிய வெண்வெட்டுகள் ஒவ்வொன்றாக வெளிக்கொணர்கின்றன. கோட்டின் அவசரம் குறைந்திருக்கிறது, ஆனால் எந்த வெட்டும் திரும்பப் பெற முடியாதது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு தீர்மானம் தெரிகிறது. அந்த வரிசையை 1969-இல் டென்மார்க்கின் யுனிசெஃப் குழு நூலாக வெளியிட்டது.