இசைத்தட்டின் பின்னட்டையில் ஒரு பெயர்

ஒரு பாட்டின் வரலாற்றை எழுதும்போது பாடியவரையும் இசையமைத்தவரையும் குறிப்பிடுகிறோம். அதை ஒலிநாடாவில் பதித்த கைகளோ 'தொழில்நுட்பம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்து போகின்றன. சிந்திப்பவன் படைப்பாளி, கருவியை இயக்குபவன் தொழிலாளி என்ற பிரிவினை கலை வரலாற்றிலும் கேள்வியின்றித் தொடர்கிறது. இது எவ்வளவு பொய்யானது என்பதற்கு ஜேர்மனிய ஒலிப்பதிவாளரும் தயாரிப்பாளரும் இசைஞருமான கொன்னி பிளாங்கின் வாழ்க்கை நல்ல சான்று.

பிளாங் 1940ல் பிறந்தவர். போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனியில் அவருடைய தலைமுறைக்கு முன்னால் இரண்டு வழிகளே தெரிந்தன. ஒன்று, எதுவுமே நடக்காததுபோல் இனிக்க இனிக்கப் பாடும் 'ஷ்லாகர்' பாட்டு. மற்றது ஆங்கில, அமெரிக்க இசையின் நகல். தந்தையரின் பாட்டையும் பாட முடியாது, வென்றவர்களின் பாட்டையும் தமதென்று சொல்ல முடியாது. மூன்றாவது வழிக்கான விதை கொலோன் நகரில் இருந்தது. அங்குள்ள மேற்கு ஜேர்மன் வானொலி 1951ல் மின்னணு இசைக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தது. ஷ்டொக்ஹவுசன் அங்கேதான் பணியாற்றினார். அதே நகரில் ஒலித் தொழில்நுட்பவியலாளராக வளர்ந்த பிளாங், ஆய்வுகூடத்துக்குரியதாக இருந்த இந்த அணுகுமுறையை இளைஞரின் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்.

அவர் செய்தது என்ன? பல தடங்களில் தனித்தனியே பதிந்த ஒலிகளை ஒன்றுசேர்ப்பதே கலவைப் பணி. எதை முன்னே நிறுத்துவது, எதற்கு எதிரொலி கொடுப்பது, எதை அடியோடு நீக்குவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் இவற்றை நினைவில் வைத்திருக்கக் கணினி கிடையாது. நாடா ஓடும்போதே விரல்கள் மிக்ஸரில் ஓட வேண்டும். தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. ஆகவே கலவை என்பதும் ஒரு வாசிப்பே.

1971ன் இறுதியில் ஹம்பேர்க்கில் 'நொய்!' என்ற இருவர் குழுவின் முதல் இசைத்தட்டை நான்கே நாட்களில் அவர் பதிவு செய்தார். நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, கிற்றார் ஒலியைப் புதிய ஒன்றாக மாற்றினார். ஒரே சீரான தாளத்தின் மேல் நகரும் அவ்விசையை அவரை நீக்கிவிட்டுக் கற்பனை செய்ய முடியாது.

ஆனால் பெயரின் கதை வேறு. 'கிராஃப்ட்வெர்க்' (மின் நிலையம் என்பது பொருள்) குழுவின் 1970, 1972 இசைத்தட்டுகளில் பிளாங் இணைத் தயாரிப்பாளர். 1974ல் வந்த 'அவுட்டோபான்' இசைத்தட்டில் அவர் ஒலிப்பதிவாளர் மட்டுமே. தயாரிப்பாளர்களாகக் குழுவின் இரு தலைவர்களும் நின்றனர். 22 நிமிடங்களுக்கு மேல் நீளும் அதன் தலைப்புப் பாட்டு சுருக்கப்பட்டு வானொலிகளில் ஒலிக்க, 1975ல் அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. பிளாங் அதன்பின் அவர்களோடு பணியாற்றவில்லை. எது யாருடைய யோசனை என்று இன்று பிரித்துக் காட்ட இயலாது. பிரிக்க இயலாத ஒன்றைப் பின்னட்டை பிரித்துக் காட்டியது என்பதே இங்கு முக்கியம்.

கொலோனுக்கு அருகே வோல்பராத் கிராமத்தில் பழைய பண்ணை வீடொன்றைப் பிளாங் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். 'டீவோ' அமெரிக்காவிலிருந்தும் 'அல்ட்ராவொக்ஸ்' இங்கிலாந்திலிருந்தும் 1978ல் அங்கு வந்தனர். பிரையன் ஈனோவின் விமான நிலைய இசையில் ஒரு பகுதி அங்கே பதிவானது. டீற்றர் மோபியசுடன் சேர்ந்து பிளாங் தாமே இசைஞராகவும் தட்டுகள் வெளியிட்டார். 1983ன் 'சீரோ செற்' அவற்றில் ஒன்று. 1987 டிசம்பரில், 47 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

மறக்கப்பட்டவரைத் தூக்கித் தனிமனித மேதையாக நிறுத்தினால் பழைய பிழையையே புதிய பெயரில் செய்தவர்களாவோம். அந்தக் கூடம் ஒரு வீடாகவும் இருந்தது. வந்தவர்கள் அங்கேயே உண்டு உறங்கினர். அதைத் தாங்கி நின்றவர் அவருடைய துணைவி, நடிகை கிறிஸ்ரா பாஸ்ற். அவர் சமைத்த சோற்றுக்கு எந்தப் பின்னட்டையில் இடம்? பெயரில்லாத உழைப்புக்கும் அடியில் இன்னுமொரு பெயரில்லாத உழைப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் பெண்ணுடையது.

நம்மவர் பக்கம் திரும்புவோம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்கிறோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்து அவர்களுடைய குரலை நமது முற்றம் வரை கொண்டுவந்த ஒலிப்பதிவாளர்களில் ஒருவரையாவது சொல்ல முடியுமா? நமது நாடகங்களையும் எழுச்சிப் பாடல்களையும் கசற்றுகளில் பதித்தவர்கள் யார்? புகலிடச் சஞ்சிகைகளில் எழுத்தாளர்களைப் பற்றி எத்தனையோ விவாதம் நடத்தியிருக்கிறோம்; அச்சுக் கோர்த்தவரையும் ஒலி பதித்தவரையும் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

விரிவுரை மண்டபத்தில் உழைப்பைப் பற்றிப் பேசிவிட்டு இன்று தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லலாம். இயந்திரத்தின் ஒலி மாறியதும் பழுதை முதலில் அறிபவர் அதன் பக்கத்தில் நிற்பவரே. அந்தக் காதும் ஒரு சிந்தனைதான். அத்தகைய காதுகளைக் கொண்டிருந்த நம்மவர் சிலர் இன்னும் உயிரோடு பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கேட்டு எழுதி வைப்பதே இப்போது செய்ய வேண்டிய வரலாற்றுப் பணி.