பாலே பயிற்சியில் நிறப்பாகுபாடு

பாலே மாணவியின் காலுறையும், விரல்நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூவும் நெடுங்காலமாக இளஞ்சிவப்பு. கால் எங்கே முடிகிறது, ஷூ எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. இடுப்பிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். வெள்ளைத் தோலை வைத்துப் போட்ட கணக்கு இது. கறுப்பின மாணவியின் காலில் அதே ஷூ அந்தக் கோட்டைக் கணுக்காலோடு வெட்டிவிடும்.

ஆகவே அவள் வண்ணம் பூசுகிறாள். தன் நிறத்து முகப்பூச்சைப் பஞ்சில் தொட்டு, சாட்டின் துணிமீதும் நாடாவின் மீதும் திட்டு விழாமல் தடவி, காயவிட வேண்டும். இதற்குப் 'பான்கேக்கிங்' என்று பெயர். பாயின்ட் ஷூ சீக்கிரம் நைந்துபோகிற பொருள். ஒவ்வொரு புது ஜோடிக்கும் முதலிலிருந்து பூச வேண்டும். நேரமும் காசும் அவளுடையவை. லண்டனின் ஃப்ரீட் ஷூ நிறுவனம் 1929இல் தொடங்கியது. 'பாலே பிளாக்' நடனக் குழுவோடு சேர்ந்து அது பழுப்பு நிற ஷூக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்!

ஷூவுக்குப் பூசலாம், முகத்துக்கு? கறுப்பின நடனமணி ஜேனட் காலின்ஸ் பதின்வயதில் ரஷ்ய பாலே குழு ஒன்றின் தேர்வுக்குப் போனபோது, மேடையேற முகத்தில் வெள்ளை பூச வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டார். 1951இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவின் முதன்மை நடனமணி ஆனார். சியரா லியோனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மிகேலா டிபிரின்ஸுக்கு எட்டு வயதில் 'நட்கிராக்கர்' நாட்டிய நாடகத்தில் முக்கிய வேடம் கைநழுவியது. கறுப்பினச் சிறுமியை ஏற்க அமெரிக்கா இன்னும் தயாராகவில்லை என்று காரணம் சொன்னார்களாம். பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தது இது.

பாலே வகுப்பில் ஆசிரியர் திருத்தினால் எதிர்பேச்சு இல்லாமல் ஏற்பதே பழக்கம். எதிரே கண்ணாடி வேறு. இடுப்பு சரியில்லை, பாதம் தட்டை என்றெல்லாம் சொல்லும்போது, குறை தன் ஆட்டத்திலா பிறப்பிலா என்று வகுப்பின் ஒரே கறுப்பின மாணவிக்குப் பிடிபடாது. யாரிடம் கேட்பாள்? முதல் குறையைப் பயிற்சியால் சரிசெய்யலாம். இரண்டாவதை என்ன செய்ய முடியும்?

கறுப்பின நடனக் கலைஞர் ஆர்தர் மிட்செல் இதற்குத் தனிப் பள்ளி கண்டார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969இல், காரெல் ஷூக்குடன் சேர்ந்து நியூயார்க்கில் அவர் நிறுவியது 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம்'. அவரவர் தோல் நிறத்திலேயே காலுறை என்ற வழக்கம் 1970களில் அங்கே வேரூன்றியது.

பாரிஸ் ஆப்பராவில் 2020இல் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் ஓர் அறிக்கை எழுதினார்கள். நிறத்துக்கேற்ற ஷூவும் காலுறையும் அதில் கேட்கப்பட்டவற்றுள் சில. எழுதியவர்களில் ஒருவரான கியோம் தியோப் அந்த ஆப்பராவின் பள்ளியிலேயே பயின்றவர். பள்ளி 1713இல் தொடங்கியது. ஆப்பராவின் பாலே குழுவில் உச்சப் பட்டமான 'எத்வால்' ஒரு கறுப்பினக் கலைஞருக்கு முதன்முறையாகக் கிடைத்தது 2023 மார்ச்சில், பெற்றவர் தியோப்.