பொம்மைப் படையும் நம்ம சதுரங்கமும்

வாஷியில் ஒரு விளையாட்டுக் கடையில் புதிதாக வந்த பொம்மைப் போர் ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்த்தேன். கட்டங்கள் கிடையாது. டேப் வைத்து அளந்து படையை நகர்த்தணும். குண்டு பட்டதா என்று பகடை சொல்லும். "பசங்களுக்கு எதுக்கு சார் சண்டை விளையாட்டு?" என்றார் கூட வந்த நண்பர். நியாயமான கேள்விதான்.

இதன் பூர்வீகம் நம்ம ஊர். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படைதான் சதுரங்கம். அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது. 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியக் கணித ஆசிரியர் அதைப் பெரிதாக்கிக் கட்டங்களில் மலை, ஆறு எல்லாம் சேர்த்தார். 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டத்தை விட்டு நிலப்படத்தில் ஆட வைத்தார். சேதத்தைக் கணக்கிடப் பகடை, தீர்ப்புச் சொல்ல நடுவர். ராணுவம் அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது.

எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, பொம்மைச் சிப்பாய்களோடு வீட்டில் ஆட விதிகள் தந்தார். நிஜப் போருக்குப் பொம்மைப் போர் எவ்வளவோ தேவலை என்பது அவர் கட்சி. யார் கேட்டார்கள்? அடுத்த வருடமே உலகப்போர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: பசங்க தாராளமாக ஆடட்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவனையே கூப்பிட்டு, அவன் பக்கம் எத்தனை பொம்மை சாய்ந்து கிடக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.