புரோபேட்

இறந்தவர் எழுதிய உயில் மெய்யானதே என்று நீதிமன்றம் ஆராய்ந்து, முத்திரையிட்டு வழங்கும் சான்று நகல் புரோபேட். உயிலில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவருக்கு மட்டுமே இது கிடைக்கும்.

இம்முறை இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் வளர்ந்தது. அங்கே 1857ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. சென்னைக்கோ அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. 1726ஆம் ஆண்டின் அரச சாசனம், இங்கிருந்த மேயர் நீதிமன்றத்துக்கே புரோபேட் வழங்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. 1862இல் தொடங்கிய உயர் நீதிமன்றம் அந்த அதிகாரத்தின் வாரிசு.

1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளப் பகுதியோடு சென்னை, பம்பாய் நகரங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்த எல்லைக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டது. மயிலாப்பூர் வீட்டை மகளுக்கு எழுதிவைத்த இந்துவின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமாக இருந்தது. மதுரையில் எழுதி, மதுரை வீட்டை மட்டும் குறிக்கும் உயிலுக்கு அது தேவைப்படவில்லை. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் சென்னைக்காரருக்கு விலக்கு இருக்கவில்லை. ஒரே மாநிலத்துக் குடும்பங்களுக்குள் காலனி ஆட்சி போட்ட இந்தப் பாகுபாடு, நியாயப்படுத்த முடியாதது. இஸ்லாமியர் இந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்குக் கிடைத்தது.

இறந்து ஏழு நாள் கழியாமல் புரோபேட் வழங்கக் கூடாது. அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரம், சாட்சிக் கையெழுத்திட்ட ஒருவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு மனு போட வேண்டும். வாரிசுகளுக்கு அறிவிப்பு போகும். எவரேனும் கேவியட் போட்டு எதிர்த்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. என்ற மனு டி.ஓ.எஸ். என்ற வழக்காக மாறும். பல குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சு நிற்பது இந்தக் கட்டத்தில்தான். உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகள் இருவரும் காலமாகியிருந்தால், அவர்கள் கையெழுத்தை அறிந்த ஒருவரைத் தேடிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். உயில் எழுதுவதில் முன்னின்றவரே பெரும்பங்கு பெற்றிருந்தால், அந்தச் சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு அவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்தது. முதியவர்களின் விருப்பத்தைக் காக்கும் விதி இது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கியதும் சென்னை உயில்களுக்கு இருந்த கட்டாயம் போயிற்று. விரும்புவோர் இப்போதும் புரோபேட் கோரலாம். தகராறு எழுந்தால், சாட்சியை வைத்து உயிலை மெய்ப்பிக்கும் கடமையும் அப்படியே இருக்கிறது.